மொத்தச் சரக்கு: இறக்குமதி செய்வதா, உள்நாட்டிலேயே வாங்குவதா?

வெளிநாட்டு சப்ளையர் அனுப்பும் விலைப்பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதில் இருப்பது சரக்கின் விலை மட்டும்தான். அது உங்கள் குடோனில் வந்து இறங்கும்போது என்ன அடக்கம் ஆகிறது என்பதே உள்நாட்டு விலையோடு ஒப்பிட வேண்டிய கணக்கு. அதை இப்படிப் போடலாம்.

படி 1: எதுவரைக்குமான விலை?

விலையோடு எந்த இன்கோடெர்ம்ஸ் விதி, அதாவது செலவும் அபாயமும் எதுவரை விற்பவருடையது, எங்கிருந்து வாங்குபவருடையது என்று சொல்லும் விதி, இருக்கிறது என்று பாருங்கள். இவை சர்வதேச வர்த்தக சபை வகுத்தவை; இப்போது வழக்கில் இருப்பது 2020 பதிப்பு. எக்ஸ் வொர்க்ஸ் என்றால் விற்பவரின் பொறுப்பு தொழிற்சாலை வாசலோடு சரி. எஃப்ஓபி என்றால் கப்பலில் ஏற்றும் வரை அவர் செலவு. சிஐஎஃப் விலையில் உங்கள் துறைமுகம் வரையிலான கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் அடங்கும். ஆனால் கப்பலில் ஏறியதுமே சரக்கின் அபாயம் உங்கள் தலைக்கு வந்துவிடும். புதியவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

படி 2: எச்எஸ் கோடு

பொருள்களை வகைப்படுத்தும் உலக சுங்க அமைப்பின் இந்தக் குறியீட்டில் முதல் 6 இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். வரி விகிதம், உரிமம், தரச்சான்று எல்லாம் இதைப் பொறுத்தவை. சப்ளையர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல், ஆர்டர் கொடுக்கும் முன்பே உங்கள் சுங்கத் தரகரிடம் உறுதி செய்யுங்கள்.

படி 3: அடக்கவிலை

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. ஒரு பேச்சுக்கு, சரக்கு 100, கப்பல் கட்டணம் 15, இன்சூரன்ஸ் 1 என்று வையுங்கள். பல நாடுகளில் இந்த மூன்றும் சேர்ந்த 116-க்குத்தான் சுங்க வரி. 10 சதவீதம் என்றால் 11.60, ஆக 127.60. விற்பனை வரி வகையறா பெரும்பாலும் இதற்கும் மேல்தான் கணக்கிடப்படும். அப்புறம் துறைமுகக் கட்டணம், தரகர் கூலி, வங்கிக் கட்டணம், லாரி வாடகை.

ஆவணச் செலவுகள் பத்துப் பெட்டிக்கும் நூறு பெட்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் அளவுக்கே கணக்குப் போடுங்கள்.

பொருளின் பருமனையும் பாருங்கள். கன்டெய்னரில் மற்றவர்களோடு இடம் பகிர்ந்து அனுப்பினால், 1 கன மீட்டரை 1 டன்னுக்குச் சமமாக வைத்து, கன மீட்டர் கணக்கு, டன் கணக்கு இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். விமானத்தில் கட்டணம் போட 1 கன மீட்டரைப் பொதுவாக 167 கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். எடை குறைந்து இடத்தை அடைக்கும் பொருளுக்கு இறக்குமதி லாபம் இங்கேயே கரைந்துவிடும்.

படி 4: பணம் எத்தனை நாள் முடங்கும்?

30 சதவீதம் முன்பணம், ஏற்றுமுன் மீதி 70 என்பது பரவலான நடைமுறை. தயாரிப்பு, பயணம், சுங்க அனுமதி என்று மாதக்கணக்கில் பணம் வெளியே நிற்கும். உள்நாட்டு வியாபாரி பழகிவிட்டால் கடனுக்கே தருவார், தீர்ந்ததும் சில நாளில் மறுபடி தருவார். இந்த வசதியின் மதிப்பையும் கணக்கில் சேருங்கள். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்தபோது நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக்கிடந்தன. கையிருப்பு இல்லாதவருக்கு அப்படி ஒரு தாமதமே பெரிய அடி.

படி 5: பழுதான சரக்கு

உள்நாட்டில் திருப்பிக் கொடுக்கலாம். கடல் தாண்டி வந்ததைத் திருப்பி அனுப்பும் செலவு பல நேரம் சரக்கின் மதிப்பையே தின்றுவிடும். மாதிரியை வரவழைத்துப் பாருங்கள். மீதிப் பணம் கட்டும் முன் மூன்றாம் நபர் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

படி 6: முடிவு

புதிய பொருள், எவ்வளவு ஓடும் என்று தெரியாது என்றால், லாபம் குறைந்தாலும் உள்நாட்டிலேயே வாங்குங்கள். விற்பனை மாதாமாதம் நிலையாகி, பொருளும் சீக்கிரம் பழசாகாத வகை என்றால் சிறிய அளவில் இறக்குமதி செய்து பாருங்கள். அந்த முதல் சரக்கு வந்ததும் ஒவ்வொரு ரசீதையும் எடுத்து, படி 3-ல் போட்ட கணக்கைத் திருத்துங்கள். அதுவரை உள்நாட்டு வியாபாரியிடம் வாங்குவதை நிறுத்த வேண்டாம்.