ஸ்ட்ரைப்பர் போட்டி: தராசிலும் தண்ணீரிலும் நாம் செய்யும் தவறுகள்

2007ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தை ஒட்டிய மார்த்தாஸ் வின்யார்ட் தீவு. 1946 முதல் நடந்துவரும் பழைய தூண்டில் போட்டி. ஒருவர் கொண்டுவந்த ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன் (ஸ்ட்ரைப்பர் என்பதும் இதைத்தான்) 57 பவுண்டைத் தாண்டியது, கிட்டத்தட்ட 26 கிலோ. எடை போட்டு முடித்து மீனை அறுத்தால், வயிற்றுக்குள் ஈயக்குண்டுகள். உடனே தகுதி நீக்கம் செய்தார்கள். விசாரித்தபோது கதை வேறாக இருந்தது. மென்ஹேடன் என்று ஒரு இரைமீன் உண்டு, நம் மத்திக்கு உறவு. அதன் தொண்டைக்குள் ஈயத்தைத் திணித்து ஆழத்துக்கு இறக்கிப் பிடிப்பது அந்தப் பக்கத்தில் சிலருடைய பழக்கம். இரை நழுவினாலோ தூண்டில் நரம்பு அறுந்தாலோ ஸ்ட்ரைப்பர் அதை ஈயத்தோடு விழுங்கிவிட்டுப் போய்விடும். பின்னால் அதைப் பிடிப்பவருக்கு எதுவும் தெரிய வாய்ப்பில்லை. அவரைத் திரும்பவும் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, 2022 செப்டம்பர் 30. கிளீவ்லாந்து, ஈரி ஏரி. அங்கே போட்டி ஸ்ட்ரைப்பருக்கு அல்ல, வாலாய் என்ற நன்னீர் மீனுக்கு. ஐந்து மீன்கள், கண்ணால் பார்த்தால் 20 பவுண்டு தேறும். தராசு 34க்குப் பக்கம் காட்டியது. போட்டியின் இயக்குநர் கத்தியை எடுத்து அங்கேயே வயிற்றைக் கிழித்தார். ஈயக்குண்டுகள் விழுந்தன, கூடவே வேறு மீனின் சதைத் துண்டுகளும். அந்த வீடியோவைப் பார்க்காத தூண்டில்காரர் இருக்க மாட்டார். அந்த மீன்களைக் கொண்டுவந்த இருவரும் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் சிறை, படகும் பறிபோனது.

முதல் ஆள் நிரபராதி, அடுத்த இருவர் குற்றவாளிகள். இரண்டையும் கண்டுபிடித்தது ஒரே வழியில்தான்: மீன் செத்திருந்தது, அறுத்துப் பார்க்க முடிந்தது. ஸ்ட்ரைப்பர் போட்டிகளின் தலைவலியே இதுதான். நேர்மையைச் சோதிக்க வசதியானது செத்த மீன். ஆனால் இனம் தப்பிக்க வேண்டுமென்றால் மீன் உயிரோடு தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் அவிழும் முடிச்சு இது. நான் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எட்டு வருடமாகத் தூண்டில் போடுகிறேன். சின்ன கிளப் போட்டிகள் இரண்டில் அளவெடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். கீழே உள்ளவற்றில் பாதி நான் பார்த்த தவறுகள், மீதி நானே செய்தவை.

பெரிய மீனுக்குத்தான் பெரிய பரிசு என்பது

ஸ்ட்ரைப்பர் கடலில் வளர்ந்து, வசந்த காலத்தில் ஆறேறி முட்டையிடும். நம்மூர்க் கொடுவாவுக்கு நேரெதிர். அது ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து, முட்டையிட உப்புத் தண்ணீரைத் தேடிப் போகும். அமெரிக்க அட்லாண்டிக் கரையில் திரியும் ஸ்ட்ரைப்பர்களில் பெரும்பகுதி பிறப்பது செசபீக் விரிகுடாவிலும் அதில் கலக்கும் ஆறுகளிலும்தான். இங்கே உள்ளூர்க்காரர்கள் அதை ராக்ஃபிஷ் என்பார்கள். 30 பவுண்டைத் தாண்டிவிட்டால் அது அநேகமாகப் பெண்மீன்தான். 12 பவுண்டு மீன் சுமார் எட்டரை லட்சம் முட்டை போடும் என்றால், 55 பவுண்டு மீன் 42 லட்சம் போடும். ஆக, ‘சீசனின் மிகப் பெரிய மீன்’ என்று கொக்கியில் தொங்கவிட்டுப் படம் எடுக்கும் போட்டி, கூட்டத்திலேயே நன்றாக ஈனும் தாயைத் தேடிப்பிடித்துக் கொல்லச் சொல்லிக் காசு கொடுக்கிறது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் இந்த மீன்வளம் ஒருமுறை சரிந்தே போனது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. மேரிலாந்து 1985 முதல் 1990 வரை முழுத்தடை விதித்தது. 1995இல் ‘மீண்டுவிட்டது’ என்று அறிவித்தார்கள். 2019இல் வெளியான மதிப்பீடு பழையபடி ‘அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது’ என்றது. இப்போது குஞ்சுகளின் வரவும் மோசம். மேரிலாந்து அரசு 1954 முதல் ஆண்டுதோறும் கரையோரம் வலையிழுத்துக் குஞ்சுகளை எண்ணிவருகிறது. ஒரு இழுப்புக்குக் கிடைக்கும் குஞ்சுகளின் நீண்டகாலச் சராசரி 11க்குப் பக்கம். 2023இல் கிடைத்த எண் 1.0, 2024இல் 2.0, 2025இல் 4.0.

2023 மே மாதம், கடலோர மாநிலங்களை ஒருங்கிணைக்கும் அட்லாண்டிக் மீன்வள ஆணையம் அவசர நடவடிக்கை எடுத்தது. பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்கள் வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் மேல் வரம்பை 31 அங்குலத்துக்கு இறக்கியது. கடல் பகுதியில் 28 முதல் 31 அங்குலம் வரை, ஆளுக்கு நாளைக்கு ஒன்று. இதைச் சரியாக உள்வாங்காத அமைப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று அங்குல இடைவெளிக்குள் ‘எது பெரியது’ என்று எடை போட்டால் வித்தியாசம் கொஞ்சம்தான் வரும். மீன் கடைசியாக எவ்வளவு இரை தின்றது என்பதே வெற்றியைத் தீர்மானித்துவிடும். அப்புறம் வரம்புக்கு வெளியே உள்ள மீனை எடைக்குக் கொண்டுவரச் சொல்லவே முடியாது; சட்டப்படி அது உடனே தண்ணீருக்குப் போயாக வேண்டும்.

‘விட்டுட்டோமே, அப்புறம் என்ன?’

தராசு போய் இப்போது செல்போன் வந்துவிட்டது. மீனை அளவுப் பலகையில் வைத்து, படம் எடுத்து, விட்டுவிடுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ‘பிடித்து விடும் போட்டி, மீனுக்குப் பாதிப்பே இல்லை’ என்று விளம்பரத்தில் போடுவது பெரிய பொய்.

விடப்படும் ஸ்ட்ரைப்பர்களில் 9 சதவீதம் பிறகு செத்துவிடும் என்று எடுத்துக்கொண்டுதான் ஆணையம் கணக்குப் போடுகிறது. நூற்றுக்கு ஒன்பதுதானே என்று தோன்றும். ஆனால் பொழுதுபோக்குக்காரர்கள் பிடிக்கும் ஸ்ட்ரைப்பரில் பத்தில் ஒன்பது பங்கு திரும்ப விடப்படுகிறது. கோடிக்கணக்கில் விடும்போது அந்த ஒன்பது சதவீதமே மலையாகக் குவிகிறது. சில ஆண்டுகளில் மொத்த மீன்பிடிச் சாவில் பாதிக்குப் பக்கம் இப்படி விடப்பட்ட மீன்கள்தான்.

அந்த 9 ஒரு சராசரி, அவ்வளவுதான். குளிர்ந்த உப்புத் தண்ணீரில், உதட்டில் தூண்டில் முள் மாட்டிய மீன் சொடுக்கும் நேரத்தில் ஓடிவிடும். ஆடி மாத வெயிலில், உப்புக் குறைந்த விரிகுடாவின் மேல்பகுதியில், பத்து நிமிடம் இழுத்து அலைக்கழித்த மீனின் கதை வேறு. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. மீனோ ஓட்டப்பந்தயம் முடித்த ஆள் மாதிரி மூச்சு வாங்குகிறது. அதைத் தூக்கி வெயிலில் காட்டிப் படம் எடுத்தால்? நீந்திப் போவதைப் பார்த்துக் கைதட்டுவோம். கொஞ்ச நேரம் கழித்து நூறடி தள்ளி, வயிறு மேலே தெரிய மிதக்கும். அதை ஸ்கோர் அட்டையில் யாரும் எழுதுவதில்லை.

அதனால் ஒரு போட்டியின் மிக முக்கியமான விதி எது என்று கேட்டால், தேதிதான் என்பேன். விடுமுறைக் கூட்டம் வரும், ஸ்பான்சர் கிடைப்பார் என்று கடுங்கோடையில் வைப்பதுதான் பெரிய தவறு. மேரிலாந்து அரசு கோடையில் வெப்பத்தைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடி என்று தினசரி எச்சரிக்கை வெளியிடுகிறது. சிவப்பு என்றால் காலை பத்து மணிக்குப் பிறகு ஸ்ட்ரைப்பரைத் தேடிப் போகாதே என்று பொருள். கோடை நடுவில் இரண்டு வாரம் மீன்பிடிப்பையே மூடிவைத்ததும் உண்டு. முட்டையிடும் பருவத்தில் வைப்பது அதைவிட மோசம். 2024இல் மேரிலாந்து மே முதல் பாதியில் பெரிய மீன்களுக்கென்றே இருந்த ‘டிராபி’ சீசனையே எடுத்துவிட்டது. அக்டோபர், நவம்பரில் வைத்தால் கூட்டம் குறையும். குறையட்டுமே.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுப்பது. ‘அதிக மீன் பிடித்தவர்’, ‘பத்து மீன்களின் மொத்த நீளம்’ என்று வைத்தால் ஆட்கள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒரு மீன், போனால் போகிறதென்று மூன்று மீன், அதற்கு மேல் பதிவு செய்ய முடியாது என்று வைத்தால் சாவும் குறையும், சரிபார்க்கும் வேலையும் குறையும்.

படம் பொய் சொல்லாது என்று நம்புவது

நான் முதன்முதலாக அளவெடுத்த போட்டியில், கிளம்பும்போது ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அண்ணே, வாயைக் கொஞ்சம் திறந்து வைங்க, அரை அங்குலம் சேரும். வாலை ரெண்டு பக்கமும் சேர்த்து அமுக்குங்க, இன்னும் கொஞ்சம் சேரும்.” வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அன்று மாலை வந்த படங்களில் இரண்டு வகையும் இருந்தன. சிலர் வாலை விரித்தபடி அளந்திருந்தார்கள், சிலர் அமுக்கி. வாலை எப்படி வைக்க வேண்டும் என்று எங்கள் விதித்தாளில் ஒரு வரிகூட இல்லை. முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் கால் அங்குலம்தான் வித்தியாசம். யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் முடிவு நியாயமானது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஏமாற்றுகிறவர்களுக்கோ வழிகள் ஏராளம். போன வாரத்துப் படம், ஒரே மீனை இரண்டு கோணத்தில் எடுத்து இரண்டு மீனாக்குவது, அளவு நாடாவை நடுவில் மடித்து வைப்பது, முந்தின நாள் பிடித்ததைக் கூண்டில் போட்டுத் தண்ணீரில் கட்டிவைத்து மறுநாள் எடுப்பது. மீனை விட்டுவிட்டதால் அறுத்துப் பார்க்கவும் வழியில்லை. இதற்கு நடைமுறையில் உதவுவன: எல்லாருக்கும் ஒரே மாதிரி, முனையில் தடுப்பு வைத்த பலகை, மூக்கு தடுப்பைத் தொட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வாலை அமுக்க வேண்டும் என்று எழுத்தில் விதி, அன்று காலையில்தான் அறிவிக்கப்படும் அடையாள எண் அட்டை படத்தில் தெரிய வேண்டும், இடமும் நேரமும் தானாகப் பதியும் செயலி.

இங்கேதான் ஆர்வக்கோளாறு வரும். அடுத்த வருடம் நாங்கள் பயந்துபோய் மூன்று படம் கேட்டோம்: பலகையில் ஒன்று, அட்டையோடு ஒன்று, கையில் பிடித்தபடி ஒன்று. ஏமாற்று குறைந்திருக்கலாம். ஆனால் ஒரு படகில் நானே பார்த்தேன். பலகை வெயிலில் காய்ந்து கிடந்தது. மீனை அதன்மேல் வைத்ததும் ஒட்டிக்கொண்டது. தூக்கும்போது அதன் மேல்தோலின் வழவழப்பு ஒரு படலமாகப் பலகையிலேயே தங்கிவிட்டது. மீனை நோயிலிருந்து காக்கும் கவசம் அது. அட்டை எங்கே, போன் லாக் ஆகிவிட்டது, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு என்று ஒன்றரை நிமிடம் போனது. மீன் செவுளை அகலத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்ட கூடுதல் ஆதாரத்துக்கு விலை கொடுத்தது அந்த மீன். இப்போது ஒரே படம்தான்: நனைத்த பலகை, அதிலேயே ஒட்டிய அட்டை. போன் தயாராகும்வரை மீன் வலைக்குள், தண்ணீரிலேயே இருக்க வேண்டும். விடுவதை முடிந்தால் வீடியோ எடுக்கலாம். அது தண்ணீருக்குள் நடப்பதால் மீனுக்குக் கஷ்டமில்லை.

சட்டத்தைப் போட்டி விதியோடு சேர்க்காமல் விடுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இயற்கை இரை போட்டால் வட்டமுள்தான் பயன்படுத்த வேண்டும்; சாதாரண முள் தொண்டைக்குள் இறங்கிவிடும், வட்டமுள் பெரும்பாலும் வாயோரம் மாட்டும். மீனைக் குத்தித் தூக்கும் கொக்கிக்கு அட்லாண்டிக் கரை நெடுகத் தடை. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால், கூட்டாட்சி அரசின் கடலில், 1990 முதல் ஸ்ட்ரைப்பர் பிடிக்கவே கூடாது. பெரிய மீன் கூட்டம் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கும்போது சிலர் தாண்டிப் போய்விட்டு வந்து பரிசும் வாங்குவார்கள். விதியை மதித்து உள்ளேயே நின்றவர் தோற்பார். படகின் ஜிபிஎஸ் தடத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பணத்தை ஏற்றிவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது

அமெரிக்க மீன்பிடிப் போட்டிகளில் நுழைவுக் கட்டணம் போக, பக்கப் பந்தயம் என்று ஒன்று உண்டு. அதற்கு இங்கே பெயர் ‘கல்கத்தா’. ஆமாம், நம் கல்கத்தாவேதான். வெள்ளைக்காரர் காலத்துப் பந்தய முறையிலிருந்து வந்த சொல். அதில் சேரும் தொகை அசல் பரிசையே விழுங்கிவிடும். 2016இல் மேரிலாந்தின் ஓஷன் சிட்டியில் நடந்த வெள்ளை மார்லின் போட்டியில் ஒரே மீனுக்கு 28 லட்சம் டாலர். பிடித்தவர் உண்மை கண்டறியும் சோதனையில் தேறவில்லை என்று பரிசை நிறுத்திவைத்தார்கள். காலை எட்டரைக்கு முன்பே தூண்டில் தண்ணீரில் இறங்கியதா என்பதே கேள்வி. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய் 2017இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது.

பொய் கண்டறியும் கருவியை வைத்திருந்தால் போதும் என்பது என் பார்வையில் சோம்பேறித்தனம். ஸ்ட்ரைப்பர் போட்டிகளில் பரிசு அவ்வளவு பெரிதில்லை, நல்லவேளை. அப்படியே இருக்கட்டும். எங்கள் கிளப்பில் முதல் பரிசை ஒரு தூண்டில் ரீலாக மாற்றியபின் சண்டை வந்ததில்லை. கலந்துகொண்டவர்களில் குலுக்கல் போட்டும் பரிசு கொடுக்கிறோம்; மீனே பிடிக்காதவருக்கும் கிடைக்கும்.

கட்டணம் கட்டுமுன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. தண்ணீர் சூடானால் போட்டியைத் தள்ளிவைப்பார்களா? ஒருவர் எத்தனை மீன் பதியலாம்? வாலை எப்படி அளப்பார்கள்? மூன்றுக்கும் பதில் விதித்தாளில் இல்லையென்றால் நான் அந்தப் போட்டிக்குப் போவதில்லை.

வின்யார்ட் தீவுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் ஸ்ட்ரைப்பர் சரிந்தபோது அதைப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மீன் மீண்ட பிறகு திரும்பச் சேர்த்தார்கள். 2020இல் மறுபடி எடுத்துவிட்டார்கள். போட்டியின் பெயரில் இன்னும் ஸ்ட்ரைப்ட் பாஸ் இருக்கிறது. இப்போது அங்கே எடை போடுவது புளூஃபிஷ், போனிட்டோ, ஃபால்ஸ் அல்பகோர் ஆகிய மூன்றை. கூட்டம் வழக்கம்போல வருகிறது.