லவுடன் கவுன்ட்டியில் பழைய வீடு வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், லவுடன் கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) ஆஷ்பர்ன் டவுன்ஹவுஸ் அலுத்துப்போய், லீஸ்பர்க் பழைய ஊருக்குள்ளோ வாட்டர்ஃபோர்டிலோ செங்கல் வீடு தேடுபவர்களுக்கு இது. ப்ரீ-அப்ரூவல், இன்ஸ்பெக்‌ஷன், செட்டில்மென்ட் எல்லாம் மற்ற வீடுகளுக்கு உள்ளதுதான், ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். மாட்டிக்கொள்ளும் இடம் வேறு.

ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பாதி நிம்மதி. இங்கே டைட்டில் சர்ச் சுத்தமாக வந்தாலும், வீடு ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்டுக்குள் (பழைய தோற்றத்தைக் காக்கும் பகுதி) இருப்பது அதில் தெரியாது. அது பத்திர விவகாரம் அல்ல, சோனிங் (நிலப் பயன்பாட்டு விதி) விவகாரம். விற்பவரும் வாய் திறக்க வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் விற்பவர் எந்த உறுதியும் தரவில்லை, வாங்குபவரே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் வர்ஜீனியாவின் டிஸ்க்ளோஷர் படிவம் சொல்வது. அதில் கையெழுத்தும் நம்முடையது!

ஆஃபர் போடும் முன் கவுன்ட்டியின் வெப்லாஜிஸ் வரைபடத்தில் முகவரியைத் தேடி, சோனிங் ஓவர்லே (ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்டுக்கான கூடுதல் விதி) இருக்கிறதா என்று பாருங்கள். லீஸ்பர்க் தனி டவுன். அங்கே டவுன் ஆபீஸில் கேட்க வேண்டும். வாட்டர்ஃபோர்ட், ஆல்டி போன்ற கிராமங்களுக்குக் கவுன்ட்டி. இடம் மாறிப் போய் நிற்காதீர்கள்.

நேஷனல் ரெஜிஸ்டர் (வரலாற்று இடங்களின் தேசியப் பட்டியல்) என்றதும் பயப்பட வேண்டாம். வாட்டர்ஃபோர்ட் 1970 முதல் நேஷனல் ஹிஸ்டாரிக் லேண்ட்மார்க். ஆனால் சொந்தக் காசில் வேலை செய்பவரை அந்தப் பட்டம் தடுக்காது. தடுப்பது உள்ளூர் ஓவர்லேயும் ஈஸ்மென்டும். ஈஸ்மென்ட் என்பது பழைய தோற்றத்தை மாற்றமாட்டோம் என்று உரிமையாளர் எழுதிக்கொடுத்துப் பதிவான பத்திரம், டைட்டில் சர்ச்சில் வந்துவிடும். சிலவற்றில் வீட்டின் உட்புறமும் அடங்கும். எத்தனை கை மாறினாலும் நிலத்தோடு தொடரும். முழுதும் படியுங்கள்.

நம்மாட்கள் சிக்குவது ஜன்னலில். குடிபோன முதல் குளிரிலேயே மர ஜன்னலைப் பிடுங்கி வினைல் மாட்டிவிடுகிறார்கள். ஓவர்லேக்குள் வெளித்தோற்றம் மாறும் வேலைக்கு முன்அனுமதிச் சான்று வேண்டும். இல்லாமல் செய்தால், கழற்றிவிட்டு மரத்திலேயே திரும்பப் போடச் சொல்லலாம். இரண்டு செலவும் உங்கள் தலையில். பழைய மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காற்று நுழைவது காய்ந்த புட்டி (கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் பூச்சு) வழியாகவும் தளர்ந்த சட்டத்தைச் சுற்றியும். புட்டியைச் சுரண்டிப் புதிதாக வைத்து, ஜன்னலைத் தூக்கி இறக்கும் கயிறு அறுந்திருந்தால் மாற்றி, இடுக்குக்கு வெதர்ஸ்ட்ரிப் (காற்றுத் தடுப்புப் பட்டை) ஒட்டி, வெளியே ஸ்டார்ம் விண்டோ எனும் கூடுதல் ஜன்னல் போட்டால் போதும். ஸ்டார்ம் விண்டோவுக்கும் கேட்டுவிட்டே போடுங்கள். 1978க்கு முந்தைய வீடென்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும் கான்ட்ராக்டரிடம் ஈபிஏ (மத்திய சுற்றுச்சூழல் துறை) சான்று இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

வாஸ்துவுக்காக உள்ளே சமையலறையை நகர்த்துவதை ஓவர்லே பொதுவாகக் கேட்காது. பில்டிங் பெர்மிட் தனி. தெருவாசலை இடம் மாற்றுவதற்குச் சான்று வேண்டும், கிடைப்பதும் கடினம்.

மேஸ்திரியிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: பழைய செங்கல் இடுக்கில் சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புச் சாந்துதான். சிமென்ட் இறுகிவிட்டால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிரில் உறைந்து செங்கல் முகமே பெயர்ந்து விழும்.

பெரிய மராமத்து என்றால், தகுதியுள்ள செலவில் 25% வர்ஜீனியா வரிச்சலுகை உண்டு. குடியிருக்கும் வீட்டுக்குச் செலவு, முந்தைய ஆண்டின் கட்டட மதிப்பீட்டில் குறைந்தது 25% இருக்க வேண்டும். மத்திய அரசின் 20% சலுகை, வாடகைக்கு விடும் அல்லது வியாபாரக் கட்டடங்களுக்கு மட்டுமே. இவற்றில் எந்தச் சலுகை கேட்டாலும் உட்புற வேலையையும் பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு ‘முன்’ போட்டோ கேட்பார்கள். சுவரை உடைக்கும் முன்பே அறை அறையாக எடுத்து வையுங்கள்.