ரீயூனியன் எரிமலையை ஃபோனில் பார்த்துப் படிக்க

வெள்ளவத்தையில் என்னிடம் ஏ.எல். புவியியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு எரிமலை என்றால் புத்தகத்தில் உள்ள குறுக்குவெட்டுப் படம்தான். இலங்கையில் கூட்டிப்போய்க் காட்டவும் ஒன்று இல்லை. அதனால் கூகிள் எர்த்தில், இந்து சமுத்திரத்தில் உள்ள எரிமலைத் தீவான ரீயூனியனைத் திறக்கச் சொல்வேன்.

ஆனால் நேரே தீவுக்குப் போகாதீர்கள். தக்காணத்தில் தொடங்குங்கள். ஏறத்தாழ 6.6 கோடி வருடங்களுக்கு முன் அங்கே லாவா அடுக்கடுக்காகப் பரவியது. அதற்குக் காரணமான சூடு பூமியின் ஆழத்தில் அநேகமாக அதே இடத்தில் நிற்க, மேலே இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமந்து நகரும் பெரிய பாறைப் பலகை) வடக்கே நகர்ந்தது. தையல் மெஷினில் ஊசி நின்ற இடத்தில் நிற்க, துணி நகர்ந்து கோடு விழுகிறதே, அப்படித்தான். லட்சத்தீவு, மாலைதீவு, சாகோஸ் என்று விரலைத் தெற்கே இறக்குங்கள். மாலைதீவின் பவளப்பாறைகளுக்கு அடியிலும் பழைய எரிமலைப் பாறைதான்.

சாகோஸைத் தாண்டியதும் கோடு அறுந்துவிடும். பிள்ளைகள் முழிப்பது இங்கேதான். குறுக்கே ஓடும் மத்திய இந்து சமுத்திர முகடு (தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடர்) சூட்டுக்கு மேலாக நகர்ந்துபோனதால், மிச்சக் கோடு ஆப்பிரிக்கத் தட்டில் விழுந்தது. முகடு விரிய விரிய இரண்டு துண்டுக்கும் இடைவெளி கூடியது. தென்மேற்கே தாவினால் மொரீசியஸ், அப்புறம் ரீயூனியன்.

இப்போது தீவைப் பெரிதாக்குங்கள். வடமேற்கில் 3,070 மீற்றர் உயரப் பித்தோன் தெ நேஜ், ஓய்ந்துபோன கிழட்டு எரிமலை. அதைச் சுற்றி மூன்று பெரிய பள்ளங்கள். தென்கிழக்கில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீற்றர், இன்னும் அடிக்கடி வெடிப்பது. இங்கே நிறத்தைக் கவனியுங்கள். பச்சைக்கு நடுவே கடல்வரை இறங்கும் கறுப்புப் பட்டைகள் புதிய லாவா. சாம்பல் நிறம் ஏறியிருந்தால் பழையது, செடி மூடியிருந்தால் அதைவிடப் பழையது. மழை கொட்டும் பக்கம் என்பதால் செடி கெதியாக ஏறும். உச்சியில் உள்ள பெரிய குழியின் அடி, 2007 ஏப்ரலில் 300 மீற்றருக்கு மேல் கீழே இறங்கியது. உள்ளே இருந்த பாறைக்குழம்பு மலையின் பக்கவாட்டால் வடிந்துவிட்டதுதான் காரணம்.

கடைசியாக, நம் ரயில் பாதையோரம் கடலுக்குப் போட்டிருக்கும் பாறைகளை லாவா என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். கிட்டப் போய் ஃபோன் கேமராவால் பாருங்கள் (ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு). வெளிர், கரு வரிகள் மாறி மாறித் தெரிந்தால் அது நைஸ் என்ற உருமாறிய பாறை, 50 கோடி வருடங்களுக்கும் மூத்தது. ரீயூனியனின் பசால்ட்டில் (லாவா உறைந்த கறுப்புப் பாறை) அந்த வரி இருக்காது. வாயு வெளியேறிய சின்னச் சின்ன ஓட்டைகளும், ஒலிவின் என்ற பச்சை மணிகளும் இருக்கும்.