தமிழ்நாடா, கர்நாடகமா: மாநிலங்களின் பொருளாதாரத்தை ஒப்பிடும் முறை

பெங்களூருவில் வாழும் தமிழர் யாரும் இரண்டில் எந்த மாநிலம் பொருளாதாரத்தில் முன்னே என்ற கேள்வியிலிருந்து எளிதில் தப்பிவிட முடியாது. 2025ஆம் ஆண்டில் அல்சூரில் நண்பர்கள் சிலர் கூடும் வாசிப்பு வட்டத்தில் மாநிலப் பொருளாதாரங்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டின் உற்பத்தி கர்நாடகத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று ஒரு வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "இரண்டும் ஒரே விலையில் எடுத்ததுதானா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். மடிக்கணினியைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. தமிழ்நாட்டுக்கு நடப்பு விலைத் தொகையையும், கர்நாடகத்துக்கு நிலையான விலைத் தொகையையும் எடுத்து ஒட்டியிருந்தேன். இந்தக் குறிப்பு அன்று பட்ட பாட்டிலிருந்து எழுந்தது.

ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் ஓராண்டில் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் உற்பத்தியில் புதிதாகச் சேரும் மதிப்பின் மொத்தமே மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தி, சுருக்கமாக ஜிஎஸ்டிபி. அதை அந்தந்த மாநிலத்தின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை கணக்கிடுகிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் எல்லா மாநிலங்களின் எண்களையும் தொகுத்து வெளியிடுகிறது. ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாநிலங்களுக்கான புள்ளிவிவரக் கையேட்டிலும் இவை கிடைக்கும். எங்கிருந்து எடுத்தாலும், ஒப்பிடப்போகும் மாநிலங்கள் அனைத்தையும் ஒரே அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதே முதல் விதி. ஒரு மாநிலத்தை அதன் பட்ஜெட் உரையிலிருந்தும் இன்னொன்றை நாளிதழ்ச் செய்தியிலிருந்தும் எடுத்தால், என்னைப் போலவே நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

நடப்பு விலை என்பது அந்தந்த ஆண்டின் விலையிலேயே போடப்பட்ட கணக்கு. விலைவாசி ஏறினாலே அது வீங்கும். நிலையான விலை என்பது அடிப்படை ஆண்டு என்று தேர்ந்தெடுத்த ஏதோ ஓர் ஆண்டின் விலையை வைத்தே எல்லா ஆண்டுகளுக்கும் போடப்பட்டது. உற்பத்தி உண்மையில் கூடியதா என்பதை அதுதான் சொல்லும். 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு முதலில் வெளியான மதிப்பீட்டில் நடப்பு விலைத் தொகை 31.19 லட்சம் கோடி ரூபாய். 2011-12 விலையில் அதே மாநிலத்தின், அதே ஆண்டின் தொகை 17.23 லட்சம் கோடி மட்டுமே. கையில் இருக்கும் அட்டவணை எந்த வகை என்று ஐயம் எழுந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. அடிப்படை ஆண்டில் இரண்டு விலையும் ஒன்றே என்பதால், 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் அந்த ஆண்டுக்கான கட்டத்தில் இரு அட்டவணைகளிலும் ஒரே எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது ஏறத்தாழ 7.51 லட்சம் கோடி, கர்நாடகத்துக்கு 6.06 லட்சம் கோடி. அந்த எண் பொருந்தவில்லை என்றால் நீங்கள் வேறு ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பழைய 2004-05 தொடரையும் 2011-12 தொடரையும் அப்படியே ஒட்டி நீண்ட கோடு வரைவது பலர் செய்யும் பிழை. கணக்கிடும் முறையே மாறியிருப்பதால் அந்தக் கோட்டின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உடைப்பு இருக்கும்.

அடுத்தது வெளியீட்டுத் தேதி. நான் பார்த்தவரை, பத்தில் ஒன்பது பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் 2024-25 வளர்ச்சி 9.69 விழுக்காடு என்று செய்தி வந்தது. ஆகஸ்டில் அதே ஆண்டுக்கு 11.19 விழுக்காடு என்று வந்தது. நான்கு மாதத்துக்குள் மாநிலத்தில் ஏதோ அதிசயம் நிகழ்ந்துவிட்டதாகப் பலர் பேசினார்கள். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வெளியீட்டில் 2023-24க்கு 15.71 லட்சம் கோடி, 2024-25க்கு 17.23 லட்சம் கோடி. திருத்திய வெளியீட்டில் 2023-24க்கு 15.57, 2024-25க்கு 17.32. பின்னைய ஆண்டின் தொகை கூடியது அரை விழுக்காடுதான். முந்தைய ஆண்டின் தொகை அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. முந்தைய ஆண்டைத் தொடாமல் விட்டிருந்தால் வளர்ச்சி 10.25 விழுக்காட்டில் நின்றிருக்கும். அதாவது, கூடுதலாக வந்த ஒன்றரைப் புள்ளியில் பெரும்பகுதி, சென்ற ஆண்டு நாம் நினைத்ததைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தது என்று தெரியவந்ததன் விளைவு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தொழிற்சாலைக் கணக்குகளும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் வந்து சேரச் சேர மதிப்பீடு திருத்தப்படுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் ஒரு மாநிலத்தின் திருத்திய எண்ணை இன்னொரு மாநிலத்தின் திருத்தாத எண்ணோடு வைத்து வெற்றி கொண்டாடுவது நேர்மையாகாது. எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில், அது எந்த நாளில் வெளியான அட்டவணையில் இருந்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

ஓராண்டு வளர்ச்சி விகிதத்தை வைத்து மாநிலங்களை வரிசைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மழை பொய்த்தாலும், ஒரு சுத்திகரிப்பு ஆலை பராமரிப்புக்காக மூடப்பட்டாலும் சிறிய மாநிலத்தின் எண் தலைகீழாகும். கொரோனா ஆண்டான 2020-21இல் நாட்டின் உற்பத்தியே 5.8 விழுக்காடு சுருங்கியது. அன்று அதிகம் விழுந்த மாநிலம் மறுஆண்டில் அதிகம் வளர்ந்ததாகத் தெரிவது விழுந்த பள்ளத்தின் ஆழத்தைத்தான் காட்டுகிறது. ஆகவே பத்தாண்டுக்குக் குறையாத காலத்துக்குக் கூட்டு வளர்ச்சி விகிதத்தைப் போட வேண்டும். கடைசி ஆண்டின் தொகையை முதலாண்டின் தொகையால் வகுத்து, இடைப்பட்ட ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற மூலத்தை எடுத்து (பதின்மூன்று ஆண்டுகள் என்றால் பதின்மூன்றாம் மூலம்), ஒன்றைக் கழிக்க வேண்டும். எக்செல்லில் ஒரே வரிச் சூத்திரம். 2011-12 முதல் 2024-25 வரை பதினான்கு கட்டங்கள் இருந்தாலும் இடைவெளிகள் பதின்மூன்றுதான் என்பதை மறக்கக்கூடாது. தமிழ்நாட்டுக்கு 7.51, 17.32 ஆகியவற்றை இட்டால் ஆண்டுக்குச் சராசரி 6.6 விழுக்காடு வரும். 11.19 என்ற எண்ணைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சப்பென்று இருக்கும். ஆயினும் ஒப்பிடத் தகுந்த எண் இதுதான்.

மொத்த அளவு ஒன்று, ஆளுக்கு எவ்வளவு என்பது வேறு. 2011-12இல் உத்தரப் பிரதேசத்தின் உற்பத்தி 7.24 லட்சம் கோடி; தமிழ்நாட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 20 கோடிப் பேர், இங்கே 7.2 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் அங்கே தலைக்கு ஏறத்தாழ 36,000 ரூபாய், இங்கே 1,04,000 ரூபாய். ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபாடு, மொத்தத் தொகைக்குள் முழுவதுமாக மறைந்து கிடக்கிறது.

தலா வருமானத்துக்கு வந்தால் அல்சூர் விவாதம் திசை மாறும். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விவரப்படி, 2024-25இல் நிலையான விலையில் கர்நாடகத்தின் தலா நிகர உற்பத்தி (இயந்திரம், கட்டடம் முதலியவற்றின் தேய்மானத்தைக் கழித்தது) 2,04,605 ரூபாய், தமிழ்நாட்டினுடையது 1,96,309 ரூபாய், அகில இந்தியச் சராசரி 1,14,710 ரூபாய். மொத்தத்தில் தமிழ்நாடு முன்னே, தலைக்குக் கணக்கிட்டால் கர்நாடகம் நான்கு விழுக்காடு முன்னே. இந்த நான்கு விழுக்காட்டுக்காக நண்பர்களோடு சண்டை போட வேண்டியதில்லை; 2011க்குப் பின் 2025 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காததால் வகுக்கும் மக்கள்தொகை ஒரு முன்கணிப்பே, வகுபடும் உற்பத்தித் தொகையும் திருத்தத்துக்கு உட்பட்டதே. ஆனால் இரு மாநிலமும் நாட்டின் சராசரியைக் காட்டிலும் 70 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்து நிற்பது எந்தத் திருத்தத்திலும் கரைந்துவிடாத உண்மை.

ஜிஎஸ்டிபி உற்பத்தி நடக்கும் இடத்தைப் பார்க்கிறது. சம்பளம் போய்ச் சேரும் வீட்டைப் பார்ப்பதில்லை. அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியில் காலை வேளையில் நின்றால் இது கண்ணெதிரே தெரியும். பெங்களூருவில் குடியிருந்து ஓசூர் ஆலைக்குப் பேருந்தில் போகிறவரின் உழைப்பு தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறுகிறது. ஓசூரில் வாடகை மலிவு என்று அங்கே குடியேறி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருகிறவரின் உழைப்பு கர்நாடகக் கணக்கில் ஏறுகிறது. தில்லியில் வசித்துக் குருகிராமில் வேலை செய்பவர் ஹரியானாவின் எண்ணை உயர்த்துகிறார். வளைகுடாவிலிருந்து வரும் பணம் கேரளத்தின் உற்பத்தியில் சேராது, செலவில் மட்டுமே தெரியும். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கேரளக் கிராமங்களில் ஆளுக்கு மாதம் 5,924 ரூபாய் செலவாகியிருக்கிறது. அகில இந்தியக் கிராமச் சராசரி 3,773 ரூபாய். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், உற்பத்தி அட்டவணையோடு இந்தச் செலவு அட்டவணையையும் வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே, வங்கி போன்று பல மாநிலங்களில் பரவியுள்ள துறைகளின் மதிப்பு, சில குறியீடுகளைக் கொண்டு மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நீண்ட காலத்தை எடுக்கும்போது எல்லை மாறிய மாநிலங்களைத் தனியே குறியுங்கள்: 2000இல் உத்தரப் பிரதேசம், பிகார், மத்தியப் பிரதேசம், 2014இல் ஆந்திரம்.

கடைசியாக, மாநிலச் சராசரியை உடைத்துப் பார்ப்பது நல்லது. கர்நாடக உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெங்களூரு நகர மாவட்டம் ஒன்றிலிருந்தே வருகிறது. தலா வருமானத்தில் அதற்கு நேர் எதிர் முனையில் கலபுரகி இருக்கிறது. மாநில அரசின் பொருளாதார ஆய்வறிக்கையில் இந்த மாவட்ட அட்டவணை உண்டு. அல்சூர் வட்டத்தில் இரண்டாம் முறை பேசியபோது அதைத்தான் முதலில் காட்டினேன். பெரியவர் இம்முறை விலையைப் பற்றிக் கேட்கவில்லை, தமிழ்நாட்டுக்கும் இதே போன்ற மாவட்ட அட்டவணை எங்கே என்று கேட்டார். அதைத் தேடி எடுத்து அவருக்கு அனுப்ப எனக்கு ஒரு வாரம் பிடித்தது.