எடிட்டரைச் செதுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நடத்தும் கோடிங் வகுப்புக்குக் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. ஒருநாள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அண்ணா, பத்து லைன் பைத்தான்தான். நான் டைப் பண்ணி முடிச்சப்புறம்தான் எழுத்தே வருது."

செகண்ட் ஹேண்ட் லேப்டாப், 4 ஜிபி ரேம். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) பட்டியலைத் திறந்து எண்ணினேன். 43 இருந்தன.

"எதுக்கும்மா இத்தனை?"

"யூட்யூப்ல ஒருத்தர், இதெல்லாம் இல்லாம கோட் எழுதவே கூடாதுன்னு சொன்னாருண்ணா."

இந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, ராயபுரம் என்று எங்கிருந்து வரும் பிள்ளையானாலும் முதல் வாரம் நிரல் எழுதுவதைவிட எடிட்டரை அலங்கரிப்பதில்தான் அதிக நேரம் போகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் கைக்கு ஏற்றபடி கருவியைத் திருத்திக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் எந்தத் தொல்லைக்காக இந்த மாற்றம் என்று ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் அதைச் செய்யக் கூடாது. கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

எது படுத்துகிறது என்று தெரியாமலே எல்லாவற்றையும் அழிப்பது

அந்தப் பெண் ஏற்கெனவே இரண்டு முறை விஎஸ் கோடை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தாள். கணக்கில் செட்டிங்ஸ் சிங்க் போட்டு வைத்திருந்ததால், லாகின் செய்ததும் அதே 43 எக்ஸ்டென்ஷனும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன. நீக்கி நிறுவுவதால் காரணம் தெரியாது.

விஎஸ் கோடுக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று தேடுங்கள். அது பாதி எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிட்டு, இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்கும். உங்கள் பதிலைப் பொறுத்துச் சந்தேகப்பட வேண்டியவற்றை மறுபடி பாதியாக்கும். 43ஐப் பாதி பாதியாகக் குறைத்தால் 22, 11, 6, 3, 2, 1. ஆறு சுற்றில் ஆள் பிடிபட்டது. கோடில் எழுதிவைக்கும் நினைவூட்டல் குறிப்புகளைத் தேடித் திரட்டிக் காட்டும் எக்ஸ்டென்ஷன் அது. அவள் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் ப்ராஜெக்டாகத் திறந்து வைத்திருந்தாள். அதிலிருந்த எல்லாக் கோப்புகளையும் அந்த எக்ஸ்டென்ஷன் ஓயாமல் துழாவிக்கொண்டிருந்தது. ஆகத் தவறு இரண்டு: தேவையில்லாத எக்ஸ்டென்ஷன், தவறான ஃபோல்டர்.

மிச்சத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அடைப்புக்குறிகளுக்கு வண்ணம் தீட்ட ஒன்று இருந்தது. அந்த வசதி 2021லேயே விஎஸ் கோடுக்குள் வந்துவிட்டது. கோடை ஒழுங்குபடுத்த இரண்டு இருந்தன, ஒன்று திருத்தியதை இன்னொன்று மாற்றிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் தொடாத மொழிகளுக்கு ஒன்பது. கடைசியில் நான்கு மிஞ்சின. எழுத்து கையோடு வந்தது.

விம் என்ற எடிட்டர் வைத்திருப்பவர்கள் 'கிளீன்' என்ற ஆப்ஷனோடு திறந்தால் உங்கள் கான்ஃபிக் (நீங்கள் செய்துவைத்த அமைப்புகள்) எதையும் படிக்காத வெறும் விம் வரும். ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் பெரிய க்யூ ஆப்ஷன் அதே வேலையைச் செய்யும். வெறும் எடிட்டரில் கோளாறு இல்லையென்றால் பழுது உங்கள் கான்ஃபிக்கில்தான். இந்த ஒரு சோதனையை முதலில் செய்தாலே பாதி நாள் மிச்சம்.

அடுத்தவர் கான்ஃபிக்கை அப்படியே கொண்டுவருவது

பத்து வருடம் விம் பயன்படுத்திய ஒருவரின் கான்ஃபிக் கோப்பு அவருடைய பத்து வருட எரிச்சல்களின் பதிவு. எந்த விசை அவர் கைக்கு எட்டவில்லை, எந்த சர்வரில் என்ன உடைந்தது என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அவர் பட்ட பாடு உங்களுக்கு வராதபோது அந்த வரிகளால் உங்களுக்கு என்ன பயன்? அதில் ஒன்று பழுதானால் எங்கே கை வைப்பதென்றும் தெரியாது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். பிறர் கான்ஃபிக்கைப் படியுங்கள், நிறையப் படியுங்கள். ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரு வரி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு மேலே, ஏன் சேர்த்தேன் என்று தமிழிலேயே ஒரு கமென்ட் எழுதுங்கள். விஎஸ் கோடின் செட்டிங்ஸ் கோப்பிலும் இரண்டு சாய்கோடு போட்டுக் கமென்ட் எழுதலாம். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது காரணம் செத்துப்போயிருந்தால் வரியையும் எடுத்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கேரம் உண்டு. நன்றாக ஆடுகிறவர்கள் தங்கள் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அது 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. போர்டு எந்த மன்றத்தினுடையதாக இருந்தாலும் உட்கார்ந்து ஆடுவார்கள். உங்கள் கான்ஃபிக்கும் பையில் அடங்குகிற அளவில் இருக்கட்டும். என்னுடையதில் எந்த மெஷினுக்கும் கொண்டுபோகிற வரிகள் பன்னிரண்டுதான்.

அழகுக்காகப் பார்வையைக் கெடுத்துக்கொள்வது

தீம் மாற்றுவது உங்கள் இஷ்டம், அதில் பெரிய ஆபத்தில்லை. லிகேச்சர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஃபிரா கோட் மாதிரி ஃபான்ட்களில் லிகேச்சரை இயக்கினால், நீங்கள் != என்று அடிப்பது திரையில் ≠ மாதிரி ஒரே குறியாகத் தெரியும். பழகியவர்களுக்குச் சிக்கலில்லை. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் செமஸ்டர் தேர்வில் விடைத்தாள் முழுக்க != வர வேண்டிய இடத்தில் ≠ என்றே எழுதிவிட்டு வந்தான். ஆறு மாதமாக அவன் கண் பார்த்தது அதைத்தான். முதல் இரண்டு வருடம், கை அடித்த எழுத்தே திரையில் தெரியட்டும்.

தமிழை மறந்து எடிட்டரை அமைப்பது

இதைப் பற்றி நம் ஆட்கள் போதுமான அளவு பேசுவதில்லை, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

கோடுக்கென்று செய்த ஃபான்ட்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்து கிடையாது. எடிட்டர் கைக்குக் கிடைத்த வேறொரு ஃபான்டில் தமிழைக் காட்டும், வரி உயரம் குலையும். விஎஸ் கோடின் ஃபான்ட் ஃபேமிலி அமைப்பில் உங்கள் கோட் ஃபான்டுக்கு அடுத்து ஒரு காற்புள்ளி போட்டு 'நோட்டோ சான்ஸ் தமிழ்' சேர்த்துவிட்டால் தமிழ் ஒரே சீராக வரும். கட்டளைகளை டைப் செய்து ஓட்டும் டெர்மினலில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்ற கணக்கு. தமிழ் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். அது உங்கள் கான்ஃபிக்கின் தவறில்லை என்று தெரிந்தால் ஒரு இரவுத் தூக்கம் மிச்சம். தமிழ் அதிகமுள்ள கோப்பை ஜன்னல் உள்ள எடிட்டரிலேயே திறந்துகொள்ளுங்கள்.

'நன்றி' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஐந்து குறியீடுகள்: ந, ன, புள்ளி, ற, இகரக் கொக்கி. பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்று வரும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைக் கோப்பில் அது 15 பைட். எடிட்டர் கீழே காட்டும், வரியில் எத்தனையாவது இடம் என்ற (column) எண் நீங்கள் எண்ணியதோடு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

தமிழ்99 விசைப்பலகை போட்டுவிட்டு விம்மில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. எஸ்கேப் அழுத்தி, விசைகள் கட்டளைகளாக வேலை செய்யும் நார்மல் மோடுக்கு வந்தபிறகும் விசைகள் தமிழிலேயே இருக்கும், டியை இரண்டு முறை அழுத்தினாலும் வரி அழியாது. விம்முக்குள்ளேயே கீமேப் என்ற வசதி உண்டு. தமிழ்99க்கு ஒரு கீமேப் கோப்பு எழுதிவைத்துக்கொண்டால், எழுதும்போது மட்டும் தமிழ் வரும், நார்மல் மோடில் விசைகள் தானாக ஆங்கிலமாகிவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் உள்ள கோப்பை யூடிஎஃப்-8 என்று திறந்தால் திரையில் கேள்விக்குறிக் கட்டங்கள் தெரியும். அந்த நிலையில் சேவ் செய்துவிடாதீர்கள். செய்தால் மூல எழுத்துகள் போய்விடும், திரும்ப வராது. ஆட்டோ சேவ் போட்டிருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய கோப்பைத் தொடும் முன் ஒரு நகல் எடுங்கள்.

கூட்டு வேலையில் தன் விருப்பத்தைத் திணிப்பது

சேவ் செய்யும்போதே ஃபார்மேட் ஆகட்டும் என்று போடுவது தனியாக எழுதும்போது சுகம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு வரி பிழையைத் திருத்தி அனுப்பினேன். கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவி காட்டிய மாற்றம் 600 வரிக்கு மேல். என் எடிட்டர் கோப்பு முழுவதிலும் டேபை ஸ்பேஸாக்கி, ஒற்றை மேற்கோளை இரட்டையாக்கியிருந்தது. சரிபார்த்தவருக்கு என் உண்மையான திருத்தம் கண்ணிலேயே படவில்லை. அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு பிழையும் அப்படியே உள்ளே போனது.

அதற்குப் பிறகு, குழுவுக்கான விதிகள் ப்ராஜெக்டுக்குள் இருக்க வேண்டும், என் விருப்பங்கள் என் கணக்கில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். எடிட்டர்கான்ஃபிக் என்ற சின்னக் கோப்பை ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் வைத்தால் டேபா ஸ்பேஸா, எத்தனை, வரி முடிவுக் குறி எது (விண்டோஸிலும் லினக்ஸிலும் அது வேறு வேறு) என்பதைப் பல எடிட்டர்கள் அதிலிருந்து படித்துக்கொள்ளும். நிரலைக் கட்டும் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலுக்கு மட்டும் டேப்தான் வேண்டும் என்று அதிலேயே விலக்கு எழுதலாம். அங்கே ஸ்பேஸ் போட்டால் வேலை நின்றுவிடும். விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸ் சர்வரில் ஓட மறுப்பதும் பெரும்பாலும் இந்த வரி முடிவுச் சிக்கல்தான்.

எதைப் பற்றி வாதாடுகிறோம் என்று தெரியாமல் வாதாடுவது

வகுப்பு முடிந்ததும் டீக்கடையில் இந்தச் சண்டை வாராவாரம் நடக்கும். சர்வர் வேலை பார்க்கும் நண்பர் விம் என்பார். இன்னொருவர் ஈமேக்ஸை விட்டு இறங்க மாட்டார். பிள்ளைகள் விஎஸ் கோட் பக்கம். பத்து வருடம் செதுக்கிய தன் எடிட்டரை, நேற்று நிறுவிய அடுத்தவன் எடிட்டரோடு ஒப்பிடுவதுதான் இங்கே பெரிய தவறு.

அடுத்த தவறு, ஒரு கருவி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காமலே கிறுக்குத்தனம் என்று ஒதுக்குவது. விம்மில் ஹெச், ஜே, கே, எல் விசைகளால் ஏன் நகர வேண்டும்? விம்மின் முன்னோடியான வீஐயை பில் ஜாய் 1976இல் எழுதியது ஏடிஎம்-3ஏ என்ற பழைய டெர்மினல் கருவியில். அதில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில், விரலுக்கு எட்டும்படி இருந்தது. நம் கீபோர்டில் எஸ்கேப் தூரத்தில் இருக்கிறது, அதனால் அதை கேப்ஸ் லாக்குக்கு மாற்றிக்கொள்வது காரணமுள்ள மாற்றம்.

மூன்றாவது, ஒரே எடிட்டரில் எல்லாவற்றையும் கட்டிவைப்பது. ஆட்டம் (Atom) என்ற எடிட்டருக்கு எத்தனை ரசிகர்கள் இருந்தார்கள்! கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் அதை 2022 டிசம்பர் 15இல் மூடிவைத்தது. 1991இல் வந்த விம், அதை உருவாக்கிய பிராம் மூலினார் 2023இல் மறைந்த பிறகும் தொடர்கிறது. எது நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் எடிட்டருக்குள் மட்டும் வாழும் விஷயங்களைக் குறைவாக வையுங்கள். கோடை ஒழுங்குபடுத்துவதும் டெஸ்ட் ஓட்டுவதும் டெர்மினலில் தனிக் கட்டளையாக ஓட வேண்டும். எடிட்டர் அதைக் கூப்பிட்டால் போதும்.

2016இல் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வந்தபிறகு இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிட்டது என்பது என் எண்ணம். முன்பு ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு எடிட்டரிலும் தனித்தனியாகப் புத்தி புகட்ட வேண்டும். இப்போது மொழியைப் புரிந்த சர்வர் ஒன்று தனியாக ஓடுகிறது. சி++க்கு கிளாங்டி என்றால், விம்மிலும் ஈமேக்ஸிலும் விஎஸ் கோடிலும் அதே கிளாங்டிதான் பிழையைச் சுட்டுகிறது.

மிச்சமிருப்பது உங்கள் மெஷின். விஎஸ் கோட் எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டியது, உள்ளே குரோமியம் பிரவுசரே ஓடுகிறது, அதனால் ரேம் நிறையக் கேட்கும். 8 ஜிபி இருந்தால் தாராளமாகப் போடுங்கள். 4 ஜிபியும் பழைய ஹார்டு டிஸ்கும் என்றால் ஜீனி, நோட்பேட்++ மாதிரி இலகுவானவற்றில் தொடங்குங்கள். எதில் எழுதினாலும் வீஐயில் நான்கு விஷயம் கற்றுக்கொள்ளுங்கள்: ஐ அழுத்தினால் எழுதலாம், எஸ்கேப் அழுத்தினால் எழுதும் நிலையிலிருந்து வெளியே வரலாம், கோலன் டபிள்யூ க்யூ சேமித்து மூடும், கோலன் க்யூ ஆச்சரியக்குறி சேமிக்காமல் மூடும். இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு சர்வரில் அது மட்டும்தான் இருக்கும்.

சாவியைக் கோப்போடு வெளியே விடுவது

எக்ஸ்டென்ஷன் என்பது உங்கள் கணக்கின் உரிமையோடு ஓடும் நிரல். நீங்கள் படிக்க முடிகிற எந்தக் கோப்பையும் அதுவும் படிக்கலாம். பெயர் ஒன்றுபோலவே இருக்கும் போலிகள் உண்டு, வெளியிட்டவர் யார் என்று பார்க்காமல் நிறுவாதீர்கள். கான்ஃபிக்கை கிட்ஹப்பில் ஏற்றும் முன் அதில் ஏபிஐ கீ (இணையச் சேவைகளை உங்கள் பெயரில் திறக்கும் ரகசியச் சாவி) எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் ஏற்றிவிட்டால் அடுத்த கமிட்டில், அதாவது கிட்டின் அடுத்த பதிவில், அழிப்பதால் பயனில்லை, பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். முதல் வேலையாக அந்தக் கீயை ரத்து செய்துவிட்டு வேறு எடுங்கள்.

போன ஞாயிறு காசிமேட்டுப் பெண் மறுபடி வந்தாள். எச்டிஎம்எல் எழுதும்போது திறக்கும் டேகை மாற்றினால் மூடும் டேகும் தானாக மாறுகிற ஓர் எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்றாள். "ஒண்ண மாத்திட்டு இன்னொண்ண மறந்துடறேண்ணா, பேஜே கோணிக்கிது." காரணம் தெளிவாக இருந்தது. செட்டிங்ஸில் 'லிங்க்டு எடிட்டிங்' என்று தேடச் சொன்னேன். விஎஸ் கோடிலேயே இருப்பதுதான், அணைந்து கிடந்தது. டிக் செய்தாள், ஒரு டேகை மாற்றிப் பார்த்தாள், பிறகு செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து அந்த வரிக்கு மேலே இரண்டு சாய்கோடு போட்டுத் தமிழில் ஏதோ எழுத ஆரம்பித்தாள். எக்ஸ்டென்ஷன் இன்னும் நான்குதான்.