எல்லா அழிவும் ‘ஹேவக்’ ஆகாது

அகராதியைப் புரட்டினால் ‘ஹேவக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘பேரழிவு’ என்று பொருள் போட்டிருக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எது இடிந்தாலும், எது நாசமானாலும் ஹேவக் என்று எழுதிவிடுகிறோம்.

2016 நவம்பர் 2 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்றை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் மண்மேடு. அழிவுதான், ஆனால் ஹேவக் இல்லை. நாள் குறித்து, அக்கம்பக்கத்தாரை வெளியேற்றிவிட்டுச் செய்த வேலை அது. அதற்கு ‘டெமாலிஷன்’ என்ற சொல் இருக்கிறது. சரியாக 40 நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் அடித்தது. சாலைக்குக் குறுக்கே வேரோடு சாய்ந்த மரங்கள், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அதுதான் ஹேவக். சேதமும் களேபரமும் சேர்ந்து வந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும். ‘துவம்சம்’ பாதி, ‘அல்லோலகல்லோலம்’ பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் வினைச்சொல்லில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘ரெக்’ ஹேவக் தவறு. ‘ரீக்’ ஹேவக் என்பதே சரி. இரண்டுமே ‘டபிள்யூ’வில் தொடங்குபவை, அந்த எழுத்துக்கு ஒலி கிடையாது. ரெக் என்றால் உடைத்து நொறுக்குவது. ஹேவக் என்பதே சீர்குலைவு, அதைப் போய் எப்படி நொறுக்குவது? ரீக் என்பது ஆதியில் பழி தீர்ப்பதைக் குறித்த சொல். ஆத்திரத்தை ஒருவர் மேல் இறக்குவது போல நாசத்தை இறக்குவது. நானே ஓர் அலுவலக மெயிலில் ரெக் என்று அடித்து அனுப்பியிருக்கிறேன். எழுத்துப்பிழை திருத்தி வாயே திறக்கவில்லை. அதுவும் அகராதியில் உள்ள சொல்தானே!

இறந்தகாலம் ‘ரீக்ட்’. ‘ராட்’ ஹேவக் என்றும் எழுதுவார்கள். அது ‘வொர்க்’ என்பதன் பழைய இறந்தகால வடிவம், ராட் அயர்ன் கேட்டில் வரும் அதே ராட். அகராதிகள் ஏற்றுக்கொண்டதுதான், அதைப் பிழை என்று அடிக்கத் தேவையில்லை.

அப்புறம், ‘ப்ளே ஹேவக்’. இதில் விளையாட்டு எதுவும் இல்லை. ராத்திரி ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கிறது, உப்புத் தண்ணீர் குழாயை அரிக்கிறது என்பது போல, கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்தி எடுப்பதற்கு இதுதான் வாகு. ஆனால் இதற்குப் பின் ‘வித்’ வர வேண்டும். ரீக் வந்தால் பெரும்பாலும் ‘ஆன்’.

முன்னால் ‘எ’ போடாதீர்கள், பின்னால் ‘எஸ்’ சேர்க்காதீர்கள். தண்ணீர், மணல் மாதிரி இது எண்ண முடியாத பெயர்ச்சொல்.

பிறப்பைப் பார்த்தால் இது வெறும் பெயர்ச்சொல்லே இல்லை, ஒரு கூச்சல். இடைக்கால இங்கிலாந்துப் படையில் யாராவது ‘ஹேவக்!’ என்று கத்தினால், இனி கொள்ளையடிக்கலாம் என்று அர்த்தம். வீரர்கள் சண்டையை விட்டுவிட்டு மூட்டை கட்டக் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் 1385-இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் போட்ட படை விதிகளில், அனுமதியில்லாமல் இப்படிக் கத்துகிறவனுக்குத் தலையை வெட்டும் தண்டனை எழுதப்பட்டது.