கைடை ஓரமாக வையுங்கள், பாடத்தைத் திறங்கள்: பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் படிப்பது எப்படி

தில்லியில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "இங்கிலீஷ்தானே, கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஃபிசிக்ஸுக்கும் கணக்குக்கும் மட்டும் ட்யூஷன் தேடும் அப்பா அம்மாவும் படித்தால் நல்லது. இங்கிலீஷ் கோர் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண். வாசிப்புக்கு 22, கடிதம், அறிவிப்பு வகையறாவுக்கு 18, மீதி 40 முழுக்க இலக்கியம். அந்த 40-ம் ஃப்ளமிங்கோ, விஸ்டாஸ் என்ற இரண்டு மெல்லிய என்சிஇஆர்டி புத்தகங்களிலிருந்து வருகிறது. அவற்றைத் திறக்காமல் நயீ சடக்கில் வாங்கிய தடிமனான கைடை மனப்பாடம் செய்வது வீண் வேலை.

முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். இந்த இரண்டு புத்தகங்களிலும் நம் எழுத்தாளர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்: கல்கி, அசோகமித்திரன், பாமா. அவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஊரும் பேரும் பழக்கமும் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கதை புரியுமா என்ற பயம் இருக்காது, எழுதியவர் அதை எப்படிச் சொல்கிறார் என்று கவனிக்க மனசில் இடம் இருக்கும். பரீட்சையில் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

முதலில் பாமா. விஸ்டாஸில் இருப்பது 1992-இல் வந்த கருக்கு நூலின் ஒரு பகுதி. பள்ளி விட்டு வரும் சிறுமி கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறாள்; குரங்காட்டி, பாம்பாட்டி, விதவிதமான தின்பண்டங்கள் என்று பத்தி பத்தியாகப் போகிறது. அப்புறம்தான் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள், சிரிப்பு வருகிறது, வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். தாழ்ந்த சாதி என்று சொல்லப்படுகிறவர்கள் தொட்டால் தீட்டு என்பதுதான் காரணம் என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு போய்க் கோபம் வருகிறது. இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் கடைத்தெரு வர்ணனை எதற்கு அவ்வளவு நீளம்? அந்தக் குழந்தைக்கு உலகம் அதுவரை எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நமக்குத் தெரிந்தால்தான், அண்ணன் சொல்லும் அந்த ஒரு பதில் நமக்கும் வலிக்கும். இதை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிவிட்டால் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது. "சாதிக் கொடுமையைப் பற்றிய பாடம்" என்று மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இருக்காது.

கல்கியின் புலி ராஜா கதையைச் சிரித்துக்கொண்டே படித்துவிடலாம், ஆனால் கையில் பென்சில் இருக்கட்டும். ராஜா பிறந்தபோதே புலியால்தான் சாவு என்று ஜோசியம் சொல்லிவிடுகிறார்கள். ராஜா 99 புலிகளைக் கொல்கிறான், நூறாவது புலி சிக்காத ஆத்திரத்தில் நிலவரியை இரட்டிப்பாக்குகிறான், கடைசியில் இரண்டேகால் அணா மட்டுமே பெறும் ஒரு பொம்மை மரப்புலியின் சிராய் குத்திச் சாகிறான். ராஜாவின் பயத்துக்கு ஊர் ஜனங்கள் விலை கொடுக்கும் இடங்களை எல்லாம் கோடிட்டு வைத்தால், கதையில் உள்ள கிண்டல் யார் மேல் என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கும்.

அசோகமித்திரன் பாடம் ஜெமினி ஸ்டுடியோவைப் பற்றியது. கதை என்று ஒன்றும் இல்லையே என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிற பாடமும் இதுதான். கதையைத் தேடாமல், யாரைப் பற்றிச் சொல்லும்போது அசோகமித்திரன் குரல் லேசாகச் சிரிக்கிறது, அங்கே வேலை பார்த்த கொத்தமங்கலம் சுப்புவைப் பற்றிச் சொல்லும்போது எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

பக்க ஓரத்தில் குறிப்பைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம், தப்பே இல்லை. யோசனை தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது சுலபம். ஆர்.கே.புரம் தில்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. இந்த மூவரையும் தமிழில் தேடிப் படியுங்கள். தமிழ் படிக்க வராது என்றால் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

இதே பழக்கத்தோடு மற்ற பாடங்களுக்குப் போகலாம். பிரெஞ்சு எழுத்தாளர் தோதேயின் கடைசி வகுப்புக் கதையில் ஊர்ப் பெரியவர்கள் ஏன் பின் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள்? 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று அல்சாஸ் பகுதி ஜெர்மனி கைக்குப் போனதும், அதனால் கதையில் பள்ளியில் பிரெஞ்சுப் பாடம் நிற்பதும் தெரிந்தால் அந்த பெஞ்சின் கனம் புரியும். கவிதைகளை வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும். காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பற்றிய கமலா தாஸ் கவிதை முழுவதும் ஒரே வாக்கியமாக ஓடுகிறது. கார் நிற்காமல் போவதும் மனசு நிற்காமல் போவதும் வாசிக்கும்போது காதில் விழும். ஏட்ரியன் ரிச் கவிதையில் அத்தை கையிலுள்ள கல்யாண மோதிரத்தையும், அவள் துணியில் தைத்த புலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதி விளக்கம் வந்துவிடும்.

இலக்கியத்தின் 40-இல் 16 மதிப்பெண் பத்தியோ கவிதை வரிகளோ கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கு. கைடு இங்கே அவ்வளவாக உதவாது. புத்தகத்தை எங்காவது பிரித்து நாலு வரி படித்து, இதை யார் சொல்கிறார், யாரிடம், இதற்கு முன் என்ன நடந்தது என்று சொல்லிப் பழகுங்கள், தினம் ஒன்று போதும். இரண்டு மதிப்பெண் பதில் 40-50 வார்த்தை, ஐந்து மதிப்பெண் பதில் 120-150 வார்த்தை. அளவு தாண்டாதீர்கள், முன்னுரை வேண்டாம், முதல் வரியிலேயே பதில் இருக்கட்டும், இரண்டாம் வரியில் பாடத்திலிருந்து ஒரு காட்சி.

அப்புறம் 20 மதிப்பெண் இன்டர்னல். அதில் 10 ப்ராஜெக்டுக்கு. தலைப்பை நீங்களே தேர்ந்தெடுக்கப் பள்ளியில் விட்டால் இந்த மூவரில் ஒருவரை எடுங்கள், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் டீச்சர் எங்கே தொட்டுக் கேட்டாலும் உங்களால் பேச முடியும்.